புல்தரையில் மூவிலைக் களைகள்

வட இந்தியக் குளிர்காலத்தில் நம் விடுதிகளின் முன்னுள்ள புல்தரைகளை உற்று நோக்கினால், பல இடங்களில் புல்லைவிட மூவிலைச் செடிகளே மிகுந்திருக்கக் காணலாம். தோட்டக்காரர் ஆண்டுதோறும் களைகிறார். களையும் ஆண்டுதோறும் முளைக்கிறது. காரணம் யாது? ஒன்றுபோல் தோன்றும் இச்செடிகள் ஒரே இனத்தவை அல்ல. ஆதலின் எல்லாவற்றிற்கும் ஒரே மருந்து பயன்படாது.

முதலாவது, நம் ஊரிலும் நாம் அறிந்த புளியாரை. இதன் சிற்றிலைகள் இதய வடிவானவை, மென்றால் புளிக்கும். ஐந்து இதழுள்ள மஞ்சள் பூப் பூக்கும். தரையில் படரும் தண்டு கணுதோறும் வேர்விடும். காய் முற்றியதும் வெடித்து, விதைகளைச் சில அடி தூரம் எறியும்.

இரண்டாவது, கிளோவரும் அதன் உறவான மெடிக்காகோவும். இவை அவரைக் குடும்பத்தவை. மெடிக்காகோவிற்கும் மஞ்சள் பூவே. ஆனால் அது பட்டாணிப் பூப்போன்றது. காய் சுருண்டு முள்ளுடையது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்கு ஈட்டித் தருகின்றன.

மூன்றாவது, இளஞ்சிவப்புப் பூவுடைய புளியாரை வகை. மண்ணுக்குள் இது சிறு கிழங்குக் குமிழ்களைப் பரப்பும். கொத்திக் கிளறினால் குமிழ்கள் சிதறி, ஒன்று பலவாகும்.

இனி, தடுக்கும் வழிகளைக் காண்போம். தழைச்சத்துக் குறைந்த நிலத்தில் புல் மெலியும். தம் உணவைத் தாமே தேடிக்கொள்ளும் கிளோவர் இனங்கள் செழிக்கும். எனவே இவ்வினத்திற்கு முதல் மருந்து, புல்லுக்கு இடும் தழைச்சத்து உரமே. இந்தியில் 'தூப்' எனப்படும் அறுகம்புல் குளிரில் உறங்குவது. ஆதலால் வெயில் ஏறிப் புல் தளிர்க்கும்போது உரமிடுதல் நன்று. புல்லை ஒட்ட வெட்டுவதும் தீது. ஒரு முறையில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, இடைவிட்டு ஆழ நனையுமாறு நீர் பாய்ச்சுதல் சிறந்தது.

புளியாரையைக் காய்க்குமுன் குர்ப்பியால் வேரோடு எடுக்க வேண்டும். காய்த்தபின் பிடுங்கினால் நாமே விதைப்பவராவோம். இதன் விதை முளைக்க ஒளி துணைசெய்வதால், பூப்பாத்திகளில் இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் சருகு பரப்புதல் பயன்தரும். குமிழுடைய வகையைச் சுற்றியுள்ள மண்ணோடு அகழ்ந்து அப்புறப்படுத்த வேண்டும். புதிய தொட்டிச் செடிகளின் மண்ணையும் சோதித்தே நடுக. புளியாரை பெரும்பாலும் அவ்வழியே குடிபுகுகிறது.

'2,4-டி' போன்ற களைக்கொல்லிகள் உள்ளனவே என்று சிலர் வினவலாம். அது கிளோவரை வாட்டும். புளியாரையோ எளிதில் அடங்காது. காற்றில் பறக்கும் துளி அண்டையிலுள்ள ரோஜாவையும் கெடுக்கும்.

நண்பர்களே, வெறுமையாகக் கிடக்கும் மண்ணிலேதான் களை குடியேறுகிறது. களையை அகற்றிய இடத்தில் அறுகை நட்டு மூடாவிடின், தோட்டக்காரரின் உழைப்பு அடுத்த ஆண்டும் வீணாகும்.