மூவர் தலைமை

ஒரு நாட்டிற்குக் குடியரசுத் தலைவர் ஒருவரே இருத்தல் வழக்கம். ஐரோப்பாவிலுள்ள போஸ்னியா-ஹெர்சகோவினாவிலோ அப்பொறுப்பை மூவர் வகிக்கின்றனர். போஸ்னியாக்கியர், செர்பியர், குரோவேசியர் ஆகிய மூவினத்தாரிடையே 1992 முதல் 1995 வரை நிகழ்ந்த போரை டேட்டன் உடன்படிக்கை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஓரினம் மற்றோர் இனத்தை அடக்கியாளாதிருக்க அவ்வுடன்படிக்கை வகுத்த வழியே மூவர் தலைமை.

4 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் தேர்தலில், இனத்திற்கு ஒருவராக மூவரை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். 8 திங்களுக்கு ஒருமுறை அம்மூவருக்குள் தலைவர் பொறுப்பு சுழற்சி முறையில் மாறுகிறது. நாடாளுமன்றத்தின் மக்களினங்கள் அவையிலுள்ள 15 இடங்களும் இனத்திற்கு 5 எனப் பகிரப்பட்டுள்ளன.

எனில், இம்மூவினத்தையும் சாராதோர் நிலை என்ன? ரோமா இனத்தவரான டெர்வோ செய்டிச், யூதரான யாக்கோப் ஃபின்ட்சி ஆகியோர் வாக்களிக்கலாம்; மூவருள் ஒருவராகப் போட்டியிட இயலாது. அவர்கள் தொடுத்த வழக்கில், இத்தடை பாகுபாடே என ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வெளிவந்து பல்லாண்டுகள் கடந்தும் தடை நீங்கவில்லை.

போரை நிறுத்திய பங்கீடே குடிமக்கள் சிலரின் உரிமையைப் பறித்தது. அமைதியோடு சமத்துவமும் சேரும்போதே மக்களாட்சி முழுமை பெறும்.