பழைய காரில் இடமும் வலமும்

பழைய காரைப் புதுப்பிக்க முனைவோர், கிடைத்த உறுப்பையெல்லாம் பூட்டிவிடலாகாது. இங்கிலாந்தின் மாரிஸ் மைனர் இதற்குத் தக்க சான்று. 1948-இல் வெளிவந்த இவ்வண்டியின் முன்சக்கர பிரேக் டிரம் 7 அங்குல விட்டமுடையது. 1962-இல் பெரிய எஞ்சின் வந்தபோது அது 8 அங்குலமாயிற்று.

ஒருபுறம் 7, மறுபுறம் 8 என்று பூட்டினால் என்னாகும்? ஷூ அழுத்தும் விசை சமமாயினும், பெரிய டிரம்மில் தடுக்கும் திருப்புவிசை ஏழில் ஒரு பங்கு மிகும். பிரேக்கை மிதித்ததும் வண்டி அப்பக்கமே இழுக்கும்.

இன்னொன்று: இம்முன்பிரேக்கின் இரு ஷூக்களையும் டிரம்மின் சுழற்சியே மேலும் இறுக்கும். இடத்தட்டை வலத்திலும் வலத்தட்டை இடத்திலும் பூட்டினால், அச்சுழற்சியே ஷூக்களை விலக்கப் பார்க்கும், பிரேக் வலுவிழக்கும்.

சஸ்பென்ஷனிலோ, சக்கரம் திரும்புவதற்கான முளையின் மரை ஒருபுறம் வலஞ்சுரி, மறுபுறம் இடஞ்சுரி. ஒன்றுக்குரிய மூட்டு மற்றதில் ஏறவே ஏறாது. இது நமக்கு நன்மையே!

நண்பர்களே, ஏறாத மரை பட்டறையிலேயே பிழையைச் சொல்லிவிடும்; மாறிப் பூட்டிய பிரேக்கோ சாலையில்தான் சொல்லும். ஆதலின் அளந்து பாருங்கள். இருபுறத்தையும் ஒப்பிட்டு, ஒரே இணையாகப் பூட்டுங்கள்.