அச்சு ஏன் பிடித்துக்கொள்கிறது?

கேள்வி: பிளைவுட் அச்சில் சிமென்ட் பெஞ்ச் வார்த்து விற்கிறேன். முதல் இரண்டு பெஞ்சுகள் சுத்தமாகக் கழன்று வந்தன. மூன்றாவதிலிருந்து இருக்கையின் மேல்தோல் பிளையோடு பெயர்ந்துவிடுகிறது; கால்களின் உள்முனையும் உடைகிறது. பழைய இன்ஜின் ஆயிலைத் தாராளமாகவே தடவுகிறேன். இன்னும் கூட்டலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கூட்டாதீர்கள். உங்கள் பெஞ்சில் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

மேல்தோல் பெயர்வது பிளையின் கோளாறு. இரண்டு முறை வார்த்ததில் மேற்பூச்சு தேய்ந்திருக்கும். திறந்துகொண்ட மரம் சிமென்ட் பாலின் தண்ணீரை உறிஞ்சுகிறது. அந்த இடம் சரியாக இறுகாமல் மரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு கை அடியுங்கள். பலகையின் வெட்டு ஓரங்களையும் விடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகே வார்க்க வேண்டும்.

பழைய இன்ஜின் ஆயில் கறை விடும். எந்த எண்ணெயும் தேங்கினால் மேற்பரப்பில் ஓட்டை விழும். ஷட்டரிங் ஆயிலைத் துணியால் மெலிதாகப் பூசி, காய்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். தொட்டால் விரல் மினுக்க வேண்டும், வழியக் கூடாது. கம்பி வைப்பதற்கு முன்பே பூசிவிடுங்கள்; கம்பியில் எண்ணெய் பட்டால் கான்கிரீட் அதைப் பிடிக்காது.

உள்முனை உடைவதற்கு எண்ணெய் மருந்தல்ல. கான்கிரீட் இறுகும்போது சற்றுச் சுருங்கும். வெளிப்பலகையை விட்டு விலகும். கால்களுக்கு நடுவே உள்ள கட்டையை இறுக்கிப் பிடிக்கும். அந்தக் கட்டையை மூன்று துண்டாக்குங்கள். நடுத்துண்டு ஆப்பு வடிவில் இருந்தால் அதை முதலில் உருவிவிடலாம். பக்கத் துண்டுகள் தாமாகவே தளரும். பக்கங்களுக்கு 10 செ.மீ. உயரத்துக்கு 5 மி.மீ. சாய்வு கொடுங்கள். கூர்மூலைகளில் சிலிக்கான் சீலன்ட்டை விரலால் வழித்து உருட்டிவிடுங்கள். கூராக இருக்கும் முனைதான் முதலில் உடையும்.

அவசரமும் முனையை உடைக்கும். சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குச் செங்குத்துப் பலகைகளை 16 முதல் 24 மணி நேரத்தில் பிரிக்கலாம் என்கிறது ஐ.எஸ். 456 என்ற கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை. பி.பி.சி. (போர்ட்லண்ட் பொசோலானா) சிமென்ட் மெதுவாக இறுகும் என்பதால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். பக்கங்களைப் பிரித்ததும் பெஞ்சைத் தூக்கித் திருப்பாதீர்கள். ஈரச்சாக்கு போர்த்தி மூன்று நாளாவது விடுங்கள். பிரிக்கக் கடப்பாரை வேண்டாம், மர ஆப்பு போதும்.

கழற்றிய பலகைகளை ஒவ்வொரு முறையும் கவனியுங்கள். சிமென்ட் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் அடுத்த வேலை.