கம்பி அதே கம்பி, முதலாளி வேறு

இன்டர்நெட், டிவி கம்பெனி கைமாறினால் நம்ம வீட்டு கேபிளை யாரும் பிடுங்கி மாற்றுவதில்லை. அப்புறம் ஏன் சர்வீஸ் நிற்கிறது?

அமெரிக்காவில் 2016 ஏப்ரல் 1 அன்று கலிஃபோர்னியா, டெக்சாஸ், ஃபுளோரிடா மாநிலங்களில் வெரைசான் நடத்திய போன், இன்டர்நெட், டிவி இணைப்புகள் 1,054 கோடி டாலருக்கு ஃபிரான்டியர் கம்பெனியிடம் போயின. கண்ணாடி இழை அதே இழைதான். ஆனால் எந்த வீட்டில் எந்தப் பெட்டி, எந்தத் திட்டம் என்ற விவரமெல்லாம் பழைய கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருந்தன. அவற்றைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது சில பதிவுகள் அரைகுறையாக வந்தன. அவ்வளவுதான், பல வீடுகளில் போனும் நெட்டும் நின்றன. வயதானவர்களுக்குப் போன் இல்லாமல் போனதுதான் பெரிய பயம். அடுத்த மாதமே கலிஃபோர்னியா சட்டசபைக் குழு கம்பெனிக்காரர்களை அழைத்து விசாரித்தது.

ஆக, கைமாறும்போது உடைவது கம்பி அல்ல, கணக்கு.

எங்க வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியது நான் ஒருத்தன்தான். எங்கள் தெரு கேபிள்காரர் மாறியபோது புதியவர் மூணு மாத பாக்கி என்றார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ரசீது ஒன்றையும் கிழித்துப் போடாமல் ஆணியில் குத்தி வைத்திருந்தார். நான் தேதி பார்த்து எடுத்துக் கொடுத்தேன். பாக்கி தள்ளுபடியானது. அன்றைக்கே பெட்டியின் அடியில் இருந்த சீரியல் நம்பரையும் ரசீதின் பின்னால் எழுதி வைத்தேன்.