ராஜினாமாவுக்கு முன் ஒரு கணக்கு

"நாலரை வருஷம் இந்தக் கம்பெனிக்கு உழைச்சாச்சு. இப்போ எப்படி விட்டுட்டுப் போறது?" கையில் வேறு ஆஃபர் வந்ததும் பலர் இப்படித்தான் தயங்குகிறார்கள். உழைத்தது உண்மை. ஆனால் இருந்தாலும் போனாலும் அந்த வருஷங்கள் திரும்பப்போவதில்லை. எனவே முடிவெடுக்க அது ஒரு காரணமே ஆகாது. இனி வரப்போவதில் எது மாறும் என்று பாருங்கள். பகுத்தறிந்து எடுக்கும் முடிவு அங்கேதான் தொடங்குகிறது.

"இன்னும் ஆறு மாதம் இருந்தால் கிராஜுவிட்டி கிடைக்கும்" என்றால், அது காரணம். நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுத் தொடர் பணி முடிந்தால் அந்த உரிமை வரும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கான தொகை. கூட்டுத்தொகை 26,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 15,000; ஐந்து ஆண்டுக்கு 75,000. புதிய இடத்தில் மாதம் 20,000 கூடுதலா? ஆறு மாதத்தில் 1,20,000. காத்திருந்தால் நஷ்டம். கூடுதல் 8,000தான் என்றால் மொத்தம் 48,000. அந்த வேலை அதுவரை காத்திருக்குமானால், கிராஜுவிட்டியை வாங்கிக்கொண்டே கிளம்பலாம்.

பணம் மட்டுமே கணக்கு என்று சொல்லவில்லை. அம்மாவின் டயாலிசிஸுக்காக ஊரிலேயே இருந்து குறைந்த சம்பளத்தை ஏற்பவர் கணக்குத் தெரியாதவர் அல்லர். அவருக்கு வேண்டியது அது. செய்வதும் அதற்குப் பொருந்துகிறது.

பழைய பாசம் பெரிய நிறுவனங்களையும் விடாது. இன்டெல் தொடங்கியதே மெமரி சிப் தொழிலில்தான். ஜப்பானியப் போட்டியில் அது நஷ்டத்தில் இறங்கியபோதும் விட மனமில்லை. 1985இல் அதன் தலைவர்களில் ஒருவரான ஆண்டி குரோவ், இன்னொருவரான கார்டன் மூரிடம் கேட்டார்: நம்மை வெளியேற்றிவிட்டுப் புதிதாக ஒரு தலைவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டுவிடுவார் என்றார் மூர். அதை நாமே செய்வோம் என்று முடிவாகி, மைக்ரோபிராசஸர் பக்கம் திரும்பினார்கள். உங்களுக்கும் இந்தக் கேள்வி உதவும்: இன்றுதான் இந்த வேலை கிடைக்கிறது என்றால், சேருவீர்களா?

புதிய இடத்தில் சேர்ந்த மூன்றாம் மாதமே ஆட்குறைப்பு வந்தால்? விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் என்றால் முடிவு தவறு. யாருக்குமே தெரிந்திருக்க வழியில்லை என்றால், துரதிர்ஷ்டம். உங்களை நொந்துகொள்ள ஒன்றுமில்லை.

ஆகவே, புதிய இடத்தின் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று ஹெச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ராஜினாமாக் கடிதம் அதற்குப் பிறகு போகட்டும்.