குண்டுக்கு அஞ்சாத ஆலயம்

கேள்வி: செஞ்சிக் கோட்டையைக் கண்டு வளர்ந்தவன் நான். தேவாலயத்தையும் கோட்டைபோல் கட்டியதுண்டா?
— ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: உண்டு. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், கவர்னர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் காலத்தில் 1678-ல் ஆரம்பிக்கப்பட்டு 1680 அக்டோபர் 28-ல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற புனித மரியாள் ஆலயம், பீரங்கிக் குண்டு விழினும் தாங்கவேண்டுமென்ற உத்தேசத்துடன், சுமார் 4 அடி கனமுள்ள சுவர்களும், 2 அடி கனத்தில் வளைந்த செங்கல் விதானமும் கொண்டு, தீப்பற்றும் மரத்தைக் கூரையில் அறவே விலக்கி நிர்மாணிக்கப்பட்டது. அம்முன்யோசனையின் அருமை, 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது விளங்கிற்று; பின்வாங்கிய அவர், 1760 ஜனவரியில் உங்கள் ஊருக்கு அணித்தான வந்தவாசியில் தோற்றார். கட்டடம் செங்கல்லும் சுண்ணாம்புமே. ஞானஸ்நானத் தொட்டியோ பல்லாவரத்துக் கருங்கல். சென்னை செல்கையில் அவசியம் தரிசித்து வாருங்கள்.