விலைக்கு வாங்கிய குஞ்சுகளின் ஜாதியை அறியும் விதம்

நாட்டுக் கோழிகளை அபிவிருத்தி செய்ய விரும்பும் குடியானவர்கள், கோழி வளர்ப்பவரிடமிருந்து உயர்ந்த ஜாதிக் குஞ்சுகளை வாங்குவது வழக்கம். பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சைப் பார்த்து அதன் ஜாதியை நிச்சயிப்பது எளிதன்று. இதில் ஏமாந்தவர்க்கு நேரும் நஷ்டம் குஞ்சின் விலையோடு நிற்பதில்லை. கலப்புச் சேவலைச் சுத்த ஜாதியென்று நம்பி விருத்திக்கு வைத்தால், அதற்குப் பிறக்கும் ஒவ்வொரு குஞ்சும் தன் குணங்களிற் பாதியை அதனிடமிருந்தே பெறும். பல வருஷ உழைப்பு வீணாகும்.

1. தூவியின் நிறம்

குஞ்சின் உடலைப் போர்த்திருக்கும் மெல்லிய தூவியே முதலிற் கண்ணிற் படுவது. வெள்ளை லெகார்ன் குஞ்சு மஞ்சள் நிறமானது. ரோட் ஐலண்டு ரெட் குஞ்சு செம்பழுப்பு நிறமானது. கறுப்பு ஆஸ்திரலார்ப் குஞ்சுக்கு முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருக்கும். வரியுள்ள பிளிமத் ராக் குஞ்சும் கறுப்பே. ஆயினும் அதன் உச்சந்தலையில் வெண்புள்ளி ஒன்று உண்டு. மொட்டைக் கழுத்துக் கோழியின் குஞ்சுக்குப் பொரிக்கும்போதே கழுத்தில் தூவி இராது.

2. நிறத்தை மாத்திரம் நம்பலாகாது

வெள்ளை லெகார்னின் வெண்ணிறம் பிற நிறங்களை அடக்கும் இயல்புடையது. ஆகையால் சுத்தமான லெகார்ன் சேவலுக்கும் கறுப்பு நாட்டுப் பேட்டுக்கும் பிறக்கும் குஞ்சுகளும் பெரும்பாலும் மஞ்சளாகவே தோன்றும். சிலவற்றில் ஓரிரு கரும்புள்ளிகள் காணப்படலாம். லைட் சஸ்ஸெக்ஸ் குஞ்சும் வெளிர்மஞ்சளே. மேலும், ரோட் ஐலண்டு ரெட் சேவலை லைட் சஸ்ஸெக்ஸ் பேட்டுடன் சேர்த்தால் ஆண் குஞ்சுகள் வெளிர்மஞ்சளாகவும் பெண் குஞ்சுகள் செம்மையாகவும் பொரிக்கும். அவற்றை இரு வேறு ஜாதிகளென்று எண்ணுவது பிழையாகும்.

3. கொண்டை, கால், விரல்

லெகார்னுக்கும் ரோட் ஐலண்டு ரெட்டுக்கும் பொதுவாக ஒற்றை மடலாய் நிமிர்ந்த கொண்டை உண்டு. அசில் என்னும் சண்டைக் கோழிக்குக் கொண்டை தாழ்ந்து, மூன்று வரிசையாய்த் தடித்திருக்கும். இக்குணம் கலப்பிலும் மேலோங்குவதால், லெகார்ன் என்று வாங்கிய குஞ்சின் கொண்டை தாழ்ந்து அகன்றிருந்தால் கலப்பென்று கொள்ளலாம்.

லெகார்னின் கால் மஞ்சள். சஸ்ஸெக்ஸின் கால் வெண்மை. ஆஸ்திரலார்பின் கால் கருமை. மஞ்சட்கால் கலப்பில் மறையும் குணம். எனினும் கீரை, மஞ்சட்சோளம் முதலிய தீனி குறைந்தாலும் மஞ்சள் மங்குமாதலால், நல்ல தீனி கொடுத்துச் சில வாரங்கள் கழித்தே இதைத் தீர்மானிக்க வேண்டும். பிரமா, கொச்சின் ஜாதிகளுக்குக் காலிலும் தூவியுண்டு. டார்க்கிங் ஜாதிக்கு விரல்கள் ஐந்து.

4. வளர்ந்தபின் சோதனை

ஆறு முதல் எட்டு வாரங்களில் இறகு முளைத்து நிறம் தெளிவாகும். லெகார்னின் இறகு முழுவதும் வெண்மையாக இருக்கவேண்டும். பின்னர் காதுமடலும் வெளுக்கும். ஏறக்குறைய ஐந்தாறு மாதத்திற் பேடு இடும் முட்டையின் ஓடும் வெண்மையாக இருத்தல் வேண்டும். ஓடு பழுப்பேறியிருந்தால் வேறு ஜாதி கலந்ததென்பதற்கு அதுவே சாட்சி.

5. வாங்குவோர் செய்யவேண்டியவை

(அ) குஞ்சைப் பார்ப்பதற்கு முன் தாய்ப் பேடுகளையும் சேவலையும் பார்க்கவேண்டும்.

(ஆ) பேடுகள் வேறு சேவலோடு இருந்தனவா என்று விசாரிக்கவேண்டும். சேவலைப் பிரித்த பின்னும் இரண்டு மூன்று வாரம் வரை அதன் கரு முட்டையில் தங்கக்கூடும்.

(இ) ஜாதியும் பொரித்த தேதியும் குறித்த ரசீது பெறவேண்டும்.

(ஈ) குஞ்சுகளுக்குக் கால்வளையம் இட்டு, மற்றக் கோழிகளோடு கலவாமல் தனியே வளர்க்கவேண்டும்.

கலப்புக் குஞ்சு இகழத்தக்கதன்று. திடமாக வளர்ந்து முட்டைக்கும் கறிக்கும் நன்கு உதவும். ஆனால் அதற்குரிய விலையே கொடுக்கவேண்டும். விருத்திக்கான சேவலை அதிலிருந்து தெரிந்தெடுக்கலாகாது. மேற்கூறிய சோதனைகள் யாவற்றிலும் தேறிய சேவலையே பேடுகளோடு விடவேண்டும்.